கடற்கரை பாரிஸ்டர்

காரைக்காலில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். சட்டம் படித்தவர் இல்லை, கறுப்புக் கோட்டும் போட்டதில்லை. ஆனாலும் ஊருக்கு அவர் ‘பாரிஸ்டர்’. 1973-ல் ‘கௌரவம்’ பார்த்தபோது தொற்றிய வியாதி, 1984-ல் ‘விதி’ வசனத்தை டீக்கடை டேப்பில் கேட்டுக் கேட்டு முற்றியது. இப்போது பாரீஸ் மருமகன் பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்த பிபிசியின் ‘சில்க்’ என்ற லண்டன் கோர்ட் தொடரில் வந்து நிற்கிறது. மூன்று சீசன், 18 பாகம். சாயங்காலம் கடற்கரையில் நடக்கப் போனால் அத்தனையும் உங்கள் தலையில்தான் இறங்கும்.

முதல் ஆட்சேபணை, சுத்தியல். லண்டன் ஜட்ஜ் மேசையைத் தட்டுவதே இல்லையாம். “தட்டாத ஜட்ஜுக்கு எவன் பயப்படுவான், சொல்லு தம்பி?” இங்கிலாந்து கோர்ட்டில் சுத்தியல் வழக்கமே கிடையாது, அது அமெரிக்காக்காரன் சாமான் என்று சொன்னால், “அப்ப நம்ம படத்துல தட்டுனதெல்லாம் பொய்யா?” என்று குறுக்கு விசாரணை தொடங்கிவிடும். அடுத்தது குதிரை முடி டோப்பா. “அக்னி நட்சத்திரத்துல இதை மாட்டிக்கிட்டு நம்ம கோர்ட்டுல ஒரு மணி நேரம் நிக்கச் சொல்லு, பார்ப்போம்.”

இதெல்லாம் சில்லறை. அசல் வழக்கு பிரெஞ்சுக்காரன் பெயரில் நடக்கிறது. பாரிஸ்டரின் தாத்தா ‘சொல்தா’. அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், பிராங்கில் பென்ஷன் வாங்கியவர். அதனால் இங்கிலீஷ் கோர்ட் எதைச் செய்தாலும் இவருக்கு இளப்பம். “எங்க ஊர்ல வக்கீலை ‘மேத்ர்’னு மரியாதையா கூப்பிட்ட காலம் தெரியுமா? சாட்சிய கேள்வி கேக்கறது ஜட்ஜோட வேலை. இங்க ஜட்ஜ் சும்மா குந்தியிருக்காரு, ரெண்டு வக்கீலும் மாத்தி மாத்தி பேசறான்!” இதில் விஷயம் இல்லாமல் இல்லை. பிரெஞ்சு முறையில் விசாரணையை நடத்துவது நீதிபதிதான். ஆனால் 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியபோது பாரிஸ்டர் தொட்டிலில் கிடந்தார். “நாங்க இங்கிலீஷ்காரனுக்குக் கீழ இருந்ததே கிடையாது” என்றும் சொல்வார். அவன் இந்த ஊரைப் பலமுறை பிடித்துவைத்திருந்து 1817-ல்தான் கடைசியாகத் திருப்பிக் கொடுத்தான் என்பது பாரிஸ்டர் வசம் உள்ள ஆவணங்களில் இல்லை.

ஜூரி பன்னிரண்டு பேர் ஒருமனதாகத் தலையாட்டுவதையும் அவர் நம்பத் தயாரில்லை. மாங்கனித் திருவிழாவில் மாங்கனி எந்த மாடியிலிருந்து சரியாக விழுந்தது என்பதிலேயே இந்த ஊரில் பன்னிரண்டு பேருக்குப் பதிமூன்று அபிப்பிராயம்.

ஒரு விஷயத்தில் மட்டும் மனம் இளகுவார். கதாநாயகி மார்த்தா காஸ்டெல்லோ. மேக்சின் பீக் என்ற நடிகை. சக வக்கீல் கிளைவ் ரீடரோடு பட்டு அங்கிக்கு, அதாவது மூத்த வக்கீல் பட்டத்துக்கு, போட்டி போட்டு, முதல் சீசன் முடிவில் ஜெயிப்பாள். “பொண்ணுன்னா இது பொண்ணு. ஒரு மணி நேரத்துல கேஸை முடிச்சுடறா!”

மத்தி கழுவிக்கொண்டிருந்த வீட்டம்மா அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னதை நான் நேரில் கேட்டேன். “அவ எங்க முடிக்கிறா? எந்தக் கேஸு யாருக்குன்னு பிரிச்சுக் குடுக்கறது அந்த பில்லி. அவரு கேஸ் கட்டை நீட்டுனாத்தான் இவ வக்கீலு. நம்ம குமாஸ்தா இல்ல, அது மாதிரி.”

தொடரை எழுதிய பீட்டர் மொஃபாட் ஒரு காலத்தில் வக்கீலாக இருந்தவர். பில்லி லாம்ப் என்ற அந்தத் தலைமைக் குமாஸ்தாவுக்கு அவர் ஏன் அத்தனை இடம் கொடுத்தார் என்பது அந்த அம்மாளுக்கு முதல் பாகத்திலேயே புரிந்துவிட்டது. பாரிஸ்டர் கேட்காத மாதிரி கடலூர்ப் பக்கம் மழை பெய்ததா என்று என்னிடம் விசாரித்தார்.

அவருடைய சொந்தப் பாகப்பிரிவினை வழக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக ஓடிக்கொண்டிருக்கிறது. போன வாரமும் அடுத்த தேதி என்ன என்று கேட்டுப் போன் போட்டார். வக்கீலுக்கு இல்லை, குமாஸ்தாவுக்கு.