நல்ல மெயில் ஸ்பாம் ஆன படலம்: காரண காரிய ஆராய்ச்சி

அனுப்பியவர் நல்லெண்ணத்தோடு அனுப்பி, பெறுபவர் ஆவலோடு காத்திருந்து, நடுவில் நிற்கும் சர்வர் மட்டும் ஒப்புக்கொள்ளாததால் உரிய நேரத்தில் இன்பாக்ஸை அடையாத மெயில் 'மறிக்கப்பட்ட நல்ல மெயில்' எனப்படும். அது நால்வகைப்படும்: திருப்பப்பட்டது, தாமதிக்கப்பட்டது, ஒதுக்கப்பட்டது, ஒழிக்கப்பட்டது.

திருப்பப்பட்டதற்கு 550 போல 5-இல் தொடங்கும் எண்ணோடு பவுன்ஸ் மெயில் வரும். தாமதிக்கப்பட்டது 451 போல 4-இல் தொடங்கும் எண் பெறும். அறிமுகமில்லாதவரைக் 'கொஞ்ச நேரம் கழித்து வா' என்று அனுப்பிவிடும் கிரேலிஸ்டிங் முறை இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒழுங்கான சர்வர் திரும்ப வரும், ஸ்பாம் கும்பலின் மென்பொருள் வராது என்பது அதன் தத்துவம். பத்து நிமிடம் மட்டுமே செல்லும் ஓடிபி அரை மணி நேரம் கழித்து வந்து சேர்வது அதன் பலன். ஒதுக்கப்பட்டது ஸ்பாம் ஃபோல்டரில் கிடக்கும். ஒழிக்கப்பட்டதற்கு சர்வர் லாகைத் தவிர வேறு சாட்சி இல்லை.

சர்வர்களின் சந்தேகப் புத்திக்கு வித்திட்டவர் கேரி துர்க். டிஇசி என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த இவர், 1978 மே 3 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். 2001-இல் வந்த ஸ்பாம்அசாசின் மென்பொருள் அந்தச் சந்தேகத்துக்கு மதிப்பெண் போடத் தொடங்கியது. தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தா, அதற்கு இவ்வளவு. உள்ளே படம் மட்டுமா, அதற்கு இவ்வளவு. வழக்கமான அமைப்பில் கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் ஸ்பாம். பள்ளித் தேர்வுக்கு நேர்மாறாக, இங்கே பாஸ் மார்க் எடுத்தவரே ஃபெயில்.

கேள்வித்தாளிலேயே பிழை நேர்ந்ததும் உண்டு. மெயிலின் தேதியில் 2010 அல்லது அதற்குப் பிந்திய ஆண்டு இருந்தால், அதை எட்டாத எதிர்காலமாகக் கருதித் தண்டிக்கும் விதி ஒன்று ஸ்பாம்அசாசினில் இருந்தது. 2010 ஜனவரி 1 பிறந்ததும், அந்த விதி ஓடிய சர்வர்களில் புத்தாண்டு வாழ்த்துகளெல்லாம் எதிர்காலத்திலிருந்து வந்த சந்தேகப் பொருள்களாகி, கூடுதல் மதிப்பெண்ணோடு ஆண்டைத் தொடங்கின.

இன்று எழுதியது என்ன என்பதோடு, ஆவணம் இருக்கிறதா என்பதும் பார்க்கப்படுகிறது. ஆவணங்கள் மூன்று. எஸ்பிஎஃப் என்பது, ஒரு டொமைன் பெயரில் மெயில் அனுப்ப உரிமையுள்ள சர்வர்கள் எவை என்று டிஎன்எஸ் என்ற டொமைன் பெயர்ப் பதிவேட்டில் எழுதிவைக்கும் பட்டியல். டிகேஐஎம் என்பது, வழியில் யாரும் கைவைக்கவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம். டிமார்க் என்பது, முன்னிரண்டும் தவறினால் மெயிலை என்ன செய்வது என்று டொமைன்காரர் விட்டுவைக்கும் கட்டளை. எஸ்பிஎஃப் சோதனையில் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டக் கூடாது. சம்பளப் பட்டியலுக்கு ஒரு சேவை, பில்லுக்கு ஒன்று, தீபாவளி வாழ்த்துக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போகும் அலுவலகம், பதினோராவது தேடலில் பட்டியல் முழுவதையும் செல்லாததாக்கிக்கொள்கிறது. ஒரே நாளில் தன் பயனர்களுக்கு 5,000 மெயில்களுக்கு மேல் அனுப்புவோரிடம் ஜிமெயில் 2024 முதல் மூன்றையும் கட்டாயமாகக் கேட்கிறது.

இனி ஆராய்ச்சி முறை. முதலில் பவுன்ஸ் மெயிலைப் படிக்க வேண்டும். நீளமாகவும் ஆங்கிலத்திலும் இருப்பதால் அதைப் படிக்காமல் அழிப்பது வழக்கம். திருப்பியதற்கான காரணம் பெரும்பாலும் அந்த எண்ணை ஒட்டியே எழுதப்பட்டிருக்கும். மெயில் ஸ்பாம் ஃபோல்டரில் அகப்பட்டால், ஹெடரைத் திறந்து, 'ஆதென்டிகேஷன் ரிசல்ட்ஸ்' வரியில் மூன்று ஆவணங்களுக்கும் 'பாஸ்' விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, அனுப்பிய சர்வரின் ஐபி முகவரி ஸ்பாம்ஹவுஸ் போன்ற கறுப்புப் பட்டியல்களில் ஏறியிருக்கிறதா என்பது. பகிர்ந்த ஹோஸ்டிங்கில் ஒரே ஐபியில் பல கம்பெனிகள் குடியிருக்கும். ஒருவர் செய்த பாவம் அத்தனை பேர் தலையிலும் விடியும். காரணத்தைச் சரிசெய்யாமல் பெயரை மட்டும் நீக்கச் சொல்லி விண்ணப்பித்தால், பெயர் மறுபடியும் ஏறும். டொமைன் முழுவதையும் வொயிட்லிஸ்ட் செய்வது கைகண்ட வைத்தியமாகத் தோன்றும். ஆனால், அந்த டொமைன் பெயரைப் போட்டுக்கொண்டு வரும் போலி மெயில்களுக்கும் அன்றே கதவு திறந்துவிடும்.

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவு வருமாறு. வடிகட்டியால் ஆவணத்தைச் சரிபார்க்க முடியும். நாணயம் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஸ்பாமையே தொழிலாகக் கொண்டவர் மூன்று ஆவணங்களையும் முதல் நாளே கச்சிதமாகப் பதிந்துவிட முடியும். நல்லவருக்கோ, மெயில் திரும்பி வரும் வரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தடையைப் பற்றி முறையிட, மெயில் பெறும் ஒவ்வொரு டொமைனிலும் 'போஸ்ட்மாஸ்டர்' முகவரி இருக்க வேண்டும் என்கிறது மெயில் பரிமாற்றத்துக்கான எஸ்எம்டிபி விதி. முறையீட்டையும் மெயிலாகத்தான் அனுப்ப வேண்டும். அதையும் அதே வடிகட்டி மறிக்கக்கூடும். ஆகவே, அனுப்பிய கையோடு போன் போட்டு 'மெயில் வந்துச்சா சார்?' என்று கேட்கும் நம் அலுவலக வழக்கத்தைக் கைவிடத் தக்க காரணம் எதுவும் இந்த ஆய்வில் கிடைக்கவில்லை.