தலையால நடந்தவ ஊருக்கு வழிகாட்டியா?

வாடா தம்பி, நிழல்ல உக்காரு. கார்டு குடுத்தியே, பார்த்தேன். ‘ஃபவுண்டர்’னு போட்டிருக்கு. கம்பெனியில மத்தவங்க எத்தனை பேருன்னா, நீ ஒத்த ஆளுதாங்குற. கோடு எழுதுறது நீ, குரல் குடுக்குறது நீ, அஞ்சு ஸ்டார் போட்டது உங்க அக்கா. மாப்பிள்ளையே மேளம் வாசிச்ச கல்யாணம் மாதிரி இருக்கு. நடக்கட்டும்.

ஊரைச் சுத்துறவன் எங்க நிக்குறானோ, அந்த இடத்துக் கதையைப் போனே சொல்லும்னே. யோசனை நல்லாத்தான் இருக்கு. 2019-லயே மத்திய சுற்றுலா அமைச்சகம் 12 இடத்துக்கு ‘ஆடியோ ஓடிகோஸ்’னு ஒண்ணு விட்டுச்சு. ஓடிகோஸ்னா கிரேக்கத்துல வழிகாட்டியாம். எங்காதுல ‘ஓடிப்போயிடு’ன்னுதான் விழுந்துச்சு. அதுல நம்ம காரைக்கால் இல்ல. அந்தக் குறையை நீ தீர்க்க வந்திருக்க, சபாஷ்.

ஆனா நேத்து பாரதியார் சாலையில உன்னோட நடந்தேனே, என்னாச்சு? ஒவ்வொரு கோயிலைச் சுத்தியும் 100 மீட்டருக்கு வட்டம் போட்டிருக்கியாம், ஆள் உள்ள வந்தா கதை ஆரம்பிக்குமாம். அதுக்கும் சின்னதாப் போட்டா போன் தடுமாறும்னு கூகுள்காரனே சொல்றானாம். காரைக்கால் அம்மையார் கோயிலுக்கும் கைலாசநாதர் கோயிலுக்கும் எம்புட்டு தூரம்டா? இங்க தும்முனா அங்க கேக்கும். உன் ஆப்ல, புருஷன் அனுப்புன மாம்பழத்துல ஒண்ணை அம்மையாரான புனிதவதி அடியாருக்கு இலையில வெக்கிறா, அந்த நேரம் பார்த்து கைலாசநாதர் குறுக்க வந்து தலபுராணத்தை ஆரம்பிச்சிட்டாரு. ‘அம்மையே’ன்னு கூப்பிட்ட சாமி, அம்மா பேச்சை வெட்டுவாரா? கயிலாயத்துக்கே தலையால நடந்தவ அவ. காலால நடக்குற எனக்கே வழி சொல்ல உன் ஆப் திணறுது!

ஐபோன்ல ஒரு ஆப் ஒரு நேரத்துல 20 வட்டத்தைத்தான் கவனிக்குமாமே? அப்ப எதுக்குடா டீக்கடைக்கெல்லாம் வட்டம்? எல்லைக்கு வேற ஒண்ணு. புதுச்சேரி 130 கிலோமீட்டர் தள்ளி, மூணு பக்கமும் தமிழ்நாடு. காரைக்கால் வந்துட்டோம்னு சொல்ல சேட்டிலைட் வேணுமாக்கும்? பிராந்திக்கடை போர்டு சொல்லாதா?

பிரெஞ்சுக்காரன் 1739-ல வந்தான், 1954 நவம்பர் 1-ல நிர்வாகத்தைக் குடுத்துட்டுப் போனான். இதைப் பதினொரு நிமிஷம் பேசியிருக்க. வெயில்ல நின்னு கேக்குறவன் பாவமில்லையா? ரெண்டு நிமிஷம் போதும்டா. செருப்பு எங்க விடறது, நடை எப்ப சாத்துறாங்க, அதைச் சொல்லு. அதுதான் உன் ஆப்ல இல்லவே இல்ல.

இன்னொண்ணு. திருநள்ளாறு சனிப்பெயர்ச்சிக் கூட்டத்துல டவர் படுத்துக்கும். கதையெல்லாம் முன்னாடியே போன்ல இறங்கியிருக்கணும். இறங்கியே இருந்தாலும், நள தீர்த்தத்துல முங்குறவன் காதுல எதைடா மாட்டுவ?

மாங்கனித் திருவிழாவுக்கும் ஒரு ஆடியோ இருக்குன்னியே. சிவன் பிச்சாண்டவரா வீதி வரும்போது மாடியிலேர்ந்து மாம்பழமா விழும். கீழ நிக்குற சனம் கையை விரிக்கும், முந்தானையை விரிக்கும். நீ மட்டும் போனைப் பிடிச்சிக்கிட்டு நிக்கப் போறியா?

ஆனி பௌர்ணமிக்கு வா. போனை வீட்டுல வெச்சிட்டு, ஒரு பை எடுத்துக்கிட்டு வா.