டிக்கியைக் காட்டு தம்பி

வாங்கு தம்பி, கட்டாயம் வாங்கு. நான் மறிக்கேல்லை. கத்தரிக்காய்க்கு அம்பது சதம் குறைக்கச் சொல்லி அந்த விவசாயியோட மல்லுக்கட்டிப்போட்டு, மற்றக் கையில போனைத் திறந்து புதுசில நாலரை லட்சம் அமெரிக்க டொலர் வித்த கார் பாக்கிறாய் பார், அந்தத் துணிவு எங்கட பரம்பரையில ஆருக்கும் வந்ததில்லை.

உந்த ஃபோர்ட் ஜிடி அமெரிக்காவில செய்ததெண்டோ நினைச்சாய்? கனடாவில எங்கட சனம் நிறைஞ்ச மார்க்கம் நகரில, மல்டிமாட்டிக் கொம்பனியில செய்தது. 2016இல லு மான் 24 மணித்தியாலக் கார்ப் பந்தயத்தில தன்ர பிரிவில வெண்ட கார். அந்தப் பிரிவில ஓடவேணுமெண்டால் அதே காரை ரோட்டுக்கும் செய்து விக்கவேணும், அதுதான் அப்பத்தைய சட்டம். மொத்தம் 1,350 செய்தவங்கள். அப்ப காசிருந்து மட்டும் காணாது, ஃபோர்ட்காரர் ஆளைத் தெரிஞ்செடுக்கவும் வேணுமாயிருந்தது. மல்யுத்தம் பிடிச்ச ஜோன் சீனா வாங்கின கையோட வித்துப்போட, ரெண்டு வருசம் விக்கமாட்டன் எண்டு கையெழுத்து வைச்சனியெல்லோ எண்டு 2017இல வழக்குப் போட்டவங்கள். நீ வாங்கின சைக்கிளையே மாசம் முடிய முன்னம் விக்கிற ஆள்.

அதெல்லாம் போகட்டும். டிக்கி எங்கை? 11 லீட்டர்தானாம், அதுவும் எஞ்சினுக்குப் பின்னால. இந்தப் பூசணிக்காயை எங்கை வைக்கப்போறாய்?

டொயோட்டாக்காரன் இந்த டிக்கி விசயத்தில விண்ணன். 1998இல லு மானுக்கு ஜிடி-வன் கொண்டு போனான். ரோட்டுக் காரெண்டால் பெட்டி வைக்க இடம் வேணும் எண்டது சட்டம். அவன் பெட்றோல் தாங்கியைக் காட்டி, வெறுமையா இருந்தால் ஒரு சூட்கேஸ் போகும் எண்டான். அதிகாரிமாரும் தலையாட்டிவிட்டினம்! ஊரில காணிக் கந்தோர் கிளாக்கருக்குக்கூட இந்த மூளை வந்திராது.

பிறகு, எங்கட கியூபெக் சட்டம். டிசம்பர் 1 துவங்கி மார்ச் 15 மட்டும் வின்டர் டயர் போடவேணும். அதோட, நிலத்துக்கும் இந்தக் காருக்கும் 120 மில்லிமீட்டர்தான் இடைவெளி, பந்தயத்துக்குப் பதிச்சுவிட்டால் 70. மொன்றியல் ரோட்டுக் குழியளை நீ அறியாததோ?

ஒண்டு செய். டிறைவற்ற சீட் முன்னுக்குப் பின்னுக்கு நகராதாம், பெடலைத்தான் கிட்ட இழுக்கவேணுமாம். கதவும் மேல நோக்கித் திறக்கிற கதவு. மாமியை ஒருக்கா அதுக்குள்ள ஏறி இருந்து பாக்கச் சொல்லு. இறக்கிறதுக்கு நான் ஆள் பிடிச்சுத் தாறன்.