தழை தின்னும் குருவியின் வயிறு: ஒரு விசாரணை

இலை தின்பது ஆடுமாடுகளுக்கு உரிய தொழில், குருவி அதில் அலகு வைக்கலாகாது என்பாரும் உளர். அவர்கள் வாதம் லேசானதல்ல. தழையில் சத்து குறைவு, நார் அதிகம். நாரை உடைக்க நுண்ணுயிர் வேண்டும். அவை வேலை செய்யப் பெரிய வயிறும் நிறைய நேரமும் வேண்டும். அவ்வளவையும் சுமந்துகொண்டு பறப்பது எங்ஙனம்?

இத்தரப்பின் முதல் சாட்சி, அமேசான், ஒரினோக்கோ ஆற்றங்கரைகளில் வாழும் ஹோட்சின் என்ற பறவை. ஏறக்குறைய 700 கிராம் எடை. தின்ற தழையைத் தீனிப்பையிலேயே ஊறவைத்துப் புளிக்கவைக்கும். அந்தப் பைக்கு இடம் கொடுத்ததில் பறக்கும் தசைகள் சுருங்கிவிட்டன, பறப்பதென்றால் தட்டுத்தடுமாறித்தான். உடம்பில் சாண வாடை வேறு.

இவ்வாதம் பொருந்தாது. என்னை? எனின், சிலியில் ராரா இருக்கிறது.

1782-இல் மோலினா என்ற சிலிப் பாதிரியார் இத்தாலியில் அச்சிட்ட நூலில் இடம்பிடித்த இந்தப் பறவையின் எடை சுமார் 40 கிராம்தான். மொட்டையும் பிஞ்சையும் நறுக்கிவிடுவதால் தோட்டக்காரர்களுக்கு இதைக் கண்டாலே ஆகாது. ஆய்வாளர் கவனிக்க வேண்டியது அலகை. குட்டை, தடிமன், விளிம்பு நெடுக ரம்பம்போல் சிறு பற்கள். மெய்யான பற்கள் அல்ல. அலகின் விளிம்பே அப்படி அமைந்திருக்கிறது. இலையைக் கவ்வி, நசுக்கி, செல்சுவர்களை வாயிலேயே உடைத்துவிட்டுத்தான் விழுங்கும்.

உள்ளே புளிக்கவைக்கும் அறை எதுவும் இல்லை. குட்டையான, அகலமான குடல்தான். உடைந்த செல்லிலிருந்து வடியும் சத்தை எடுத்துக்கொண்டு நாரைப் பின்வழியே அனுப்பிவிடும். கரும்பு தின்பவர் சக்கையோடு மல்லுக்கட்டுவதில்லை அல்லவா, அந்தக் கணக்குதான். ஹோட்சின் நாள் கணக்கில் செய்யும் வேலையை இது செய்யவே மறுக்கிறது. சோம்பல் என்பர் சிலர். இவ்வாய்வாளர் அதைச் சிக்கனம் என்றே கொள்வார்.

ஆனால் சிக்கனத்துக்கும் விலை உண்டு. ஒவ்வோர் இலையிலும் கொஞ்சமே கிடைப்பதால் ஓயாமல் தின்ன வேண்டும்; இலையும் தளிராக இருக்க வேண்டும். தளிர் தரும் காடு போனால் பிழைப்பும் போகும்: பெருவின் வடமேற்குக் கரையோர உலர்காட்டில் வாழும் இதன் பங்காளி இனம் அருகிவிட்டது. காட்டை அழித்து வயலாக்கியதே காரணம்.

கிளைவாதம் ஒன்று மிச்சம். ஆப்பிரிக்காவின் எலிப்பறவையும் சிறியதே, தழையும் தின்னும். தின்றபின் கிளையில் தொங்கி வயிற்றை வெயிலுக்குக் காட்டும். செரிமானத்துக்கு அந்தச் சூடு உதவுகிறது என்று விளக்கம் சொல்வார்கள். அதை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்பதில் வழக்கு நிலுவையில் உள்ளது. கிளையில் தொங்கியபடி வெயில் காய்வதைச் சாட்சிக் கூண்டுக்கு இழுப்பது அத்தனை எளிதல்ல.