நாலாவது கைக்கு ஆள் தேவை: தோட்டத்துச் சாவு வீடுகளில் முந்நூற்று நாலு ஆட்டத்துக்குள் புகும் முறை பற்றிய ஓர் ஆய்வு

சீட்டாட்டத்தில் புதிதாகச் சேர விரும்புகிறவனுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று கடை வாசல். 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணிதக்காரர் ‘மேஜிக்: த கேதரிங்’ என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தார், 1996இல் ஜப்பானில் போக்கிமான் சீட்டுகள் வந்தன. இவற்றில் காசு கொடுத்து ஒரு கட்டு வாங்கியவன் அன்று மாலையே ஆட்டக்காரன். மற்றது சாவு வீட்டு வாசல். இலங்கையில் ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் முந்நூற்று நாலு ஆடச் சேர்வதற்குக் காசு வேண்டாம், கட்டு வேண்டாம். யாராவது ஒருவர் சாக வேண்டும், அவ்வளவுதான். இக்கட்டுரை இந்த இரண்டாவது வாசலை ஆராய்கிறது.

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வோம். 52 சீட்டில் 2 முதல் 6 வரையுள்ள இருபதையும் கழித்தால் மிஞ்சுவது 32. ஆடுவோர் நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள், ஆளுக்கு எட்டுச் சீட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் சும்மா. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. வாசகர் கூட்டிப் பார்த்துவிட்டு மேலே படிக்கலாம். முதல் நாலு சீட்டு கைக்கு வந்ததுமே கேள்வி தொடங்கிவிடும். 160க்குக் குறைந்து கேட்க முடியாது. கூடக் கேட்டவர் துரும்பு எதுவென்று மனசுக்குள் முடிவு செய்து, அந்த இனத்தில் ஒரு சீட்டைக் குப்புற வைப்பார். பாதிக் கையைப் பார்த்து முழு ஆட்டத்துக்கும் வாக்குக் கொடுக்கும் ஏற்பாடு இது.

ஜாக்குக்கு ராஜாவைப் போல் பத்து மடங்கு மதிப்பு என்பதில் ஆய்வாளர் கண் நிற்காமல் போகாது. துரை பங்களா மேட்டிலும் தொழிலாளர் குடியிருக்கும் லயம் பள்ளத்திலும் இருக்கிற ஊரில், பணியாள் ராஜாவை அடிக்கும் ஆட்டத்தை ஒரு கலகம் என்று சொல்லிவிட ஆசை வரும். அவசரப்படக் கூடாது. ஆளின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கைமாற்றும் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை, ஆள் யாருடையவன், கடன் எவ்வளவு என்பதெல்லாம் ஆள் திரட்டி மேய்த்த பெரிய கங்காணியின் கையில் இருந்தது. லயத்துக்கு அவர்தான் முப்பது புள்ளி, துரை மூன்று. ஆக இந்த ஆட்டம் கலகமும் இல்லை, கற்பனையும் இல்லை, தோட்டத்துச் செக்ரோல், அதாவது பேர்ப் பதிவேடு.

இந்த அழகான கொள்கைக்கு ஒரே எதிரி உண்மை. கேரளத்தில் இருபத்தெட்டு என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. அதில் ஜாக் 3, ஒன்பது 2, ஆஸும் பத்தும் 1. வரிசை அச்சாக இதே வரிசை, சில்லறையைத் தள்ளிவிட்டுக் கணக்கு வைத்த மாதிரி. ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் துரும்பு ஜாக் 20, துரும்பு ஒன்பது 14 என்று முன்னால் நிற்கின்றன. ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரையோரத்தில் இருந்தவர்கள், கொச்சியிலும் இருந்தார்கள். அவர்கள் கப்பலில் வந்த ஆட்டம் என்று கருதுவோர் உண்டு. கண்டி 1815 வரை விழவில்லை, ஒல்லாந்தர் மலை ஏறி ஆண்டதுமில்லை, ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டது 1867இல். ஆகச் சீட்டு கரையிலிருந்து மேலே வந்திருக்கிறது, ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்திருக்கிறார்கள், இரண்டும் லயத்தில் சந்தித்திருக்கின்றன. கங்காணிக் கொள்கை தோற்றது. இருந்தாலும் அதைக் கைவிட இவ்வாய்வாளனுக்கு மனமில்லை.

இனி, சாவு வீட்டில் ஏன் சீட்டு? கொழும்பில் கடைகளில் நிற்கிற பையன்களும் தூரத்துத் தோட்டங்களில் கட்டிக்கொடுத்த பெண்களும் வந்து சேரும்வரை பிரேதத்தை வைத்திருக்க வேண்டும். அதுவரை ஆண்கள் விழித்திருக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே நள்ளிரவுக் குளிரில் சும்மா விழித்திருப்பது சாத்தியமான காரியமில்லை. மரண உதவிச் சங்கத்துக் கதிரைகள் வந்து, தறப்பாள் கட்டி, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ ஒரு சுற்றுப் போனதும் யாருடைய பையிலிருந்தோ கட்டு வெளியே வரும். யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. உரச்சாக்கை விரித்து நாலு பேர் உட்கார்ந்துவிடுவார்கள்.

புதியவன் அவர்களில் ஒருவருக்குப் பின்னால் நிற்கிறான். இதுவே முதல் படி, மிக நீண்ட படியும் இதுதான். பின்னால் நிற்கிறவனுக்கு ஒருவருடைய கையை மட்டும் பார்க்கும் உரிமை உண்டு. நகர்ந்து இரண்டாமவர் கையையும் பார்த்துவிட்டால் அவன் உளவாளி. “போயி படுடா, காலைல பள்ளிக்கூடம் இல்லையா” என்று அனுப்பிவிடுவார்கள், பள்ளிக்கூடத்தை விட்டு ஆறு வருஷம் ஆனவனாக இருந்தாலும். ஜாக்கைக் கண்டு அவன் முகம் மலரக் கூடாது, இருமக் கூடாது. சாவு வீட்டில் துக்க முகம் எப்போதும் கைவசம் இருப்பதால் இந்தப் பயிற்சிக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. சராசரி அறிவுள்ளவனுக்குக் குறைந்தது மூன்று சாவுகள் பிடிக்கும்.

அடுத்தது கணக்கு வைப்பது. அதில் சொல்ல அதிகமில்லை. அதற்குப் பிறகு, ராத்திரி இரண்டு மணியளவில், பிளேன்டீயின் விளைவாக ஒரு பெரியவர் எழுந்து, “ஒரு கை புடிடா, வந்துர்றேன்” என்று சீட்டை நீட்டுகிறார். எந்தக் கடையிலும் விற்காத நுழைவுச் சீட்டு அது.

நேரில் கண்ட ஒன்றைச் சான்றாக வைக்கிறேன். அப்படி உட்கார்ந்த பையனுக்குக் கிடைத்த கையில் இஸ்பேட் ஜாக்கும் இஸ்பேட் எட்டும் இருந்தன. எதிரே இருந்த கூட்டாளி, முறைக்கு மாமா, 160 கேட்டுத் துரும்பை மூடி வைத்திருந்தார். எதிராளி இஸ்பேட் ஆஸை இறக்கினார். மாமா ஏழைப் போட்டார். மூன்றாமவருக்கு வேறு இஸ்பேட் இல்லை, வயிறெரிய ஒன்பதைப் போட்டார். கீழே 31 கிடக்கிறது. கடைசி ஆளான பையன் ஜாக்கை வைத்தால் 61 வீட்டுக்கு வந்திருக்கும். பையன் எட்டைப் போட்டான். இரண்டு பிடி கழித்து ஜாக்கை எடுத்து நெஞ்சை நிமிர்த்தி வைத்தபோது, இஸ்பேட் தீர்ந்திருந்த அந்த மூன்றாமவர் ஒரு சீட்டைக் குப்புற வைத்தார். துரும்பு மூடியிருக்கும்போது குப்புற விழுந்ததைத் தூக்கிப் பார்க்க வேண்டியவர் துரும்பு சொன்னவர். மாமா ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். டைமண்ட் ஏழு. ஒரு புள்ளிக்கும் உதவாத சீட்டு, ஆனால் துரும்பு.

“ஜாக்க என்னா அடகு வைக்கவா வச்சிருந்த?”

“இல்ல மாமா, பெரிய சீட்டாச்சே, மொத புடியிலயே போடணுமான்னு...”

“பெரிய சீட்டுன்னா வச்சி கும்புடுறதுக்காடா?”

160 கேட்டவரைத் தோற்கடிக்க எதிராளிக்கு 145 போதும். அதில் 61ஐப் பையனே கையில் கொடுத்திருக்கிறான். மாமா பிரேதத்துக்கு மரியாதை கொடுத்து மெதுவான குரலில் திட்டினார். மெதுவாகத் திட்டுவதில் மூச்சு மிச்சப்படுவதால் அது வெகு நேரம் நீடித்தது. இவ்வாட்டத்தில் புகுவது என்பது பெரும்பாலும் இதைத் தாங்கிக்கொள்வதுதான் என்று நினைக்கிறேன். விதிகளை அரை மணியில் சொல்லிக்கொடுத்துவிடலாம். எழுந்து போகாமல் அடுத்த கைக்கும் உட்கார்ந்தவனே தேறுகிறான். அந்தப் பையன் உட்கார்ந்தான்.

இங்கே ஒரு குறையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தோட்டத்தில் மிக வேகமான விரல்கள் கொழுந்து பறிக்கிற பெண்களுடையவை. எந்த மலையில் எத்தனை கிலோ, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எவ்வளவு கழித்தார்கள், யாருக்கு அரைப் பேர் என்று அரைநாள் கூலி விழுந்தது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். விழுந்த சீட்டை நினைவில் வைக்க இதைவிட என்ன தகுதி வேண்டும்? ஆனால் உரச்சாக்கைச் சுற்றி அவர்களுக்கு இடம் கிடையாது. உள்ளே அழுதுவிட்டு வெளியே வந்து பிளேன்டீ ஊற்றுகிறார்கள். ஊற்றும்போது ஓர் அம்மா நாலு பேர் கையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், மாமாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனதைக் கண்டேன். மாமா அந்தக் கையில் தோற்றார்.

கடைசியாகக் கட்டின் நிலை. கடை வாசல் ஆட்டங்களில் சீட்டுக்கு மதிப்பு அதன் அருமையால் வருகிறது. போக்கிமான் சீட்டு ஒன்று 52,75,000 டொலருக்குக் கைமாறியதைக் கின்னஸ் பதிந்திருக்கிறது. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். நான் பார்த்த தோட்டத்துக் கட்டு பல சாவு கண்டது. ஆர்ட்டின் ஒன்பதின் முதுகில் பிளேன்டீக் கறை இருப்பதால் அது யார் கையில் இருக்கிறதென்று நாலு பேருக்கும் தெரியும். தெரியாத மாதிரி ஆடுவது மரியாதை. கிளாவர் ஜாக் எந்தச் சாவிலோ தொலைந்துவிட்டது. புதுக் கட்டு வாங்கலாமே என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கழித்துப் போட்ட இருபதிலிருந்து கிளாவர் இரண்டை எடுத்து, நீலப் பேனாவால் நடுவில் பெரிதாக ஜே என்று போட்டிருக்கிறார்கள். அதற்கு இப்போது முப்பது புள்ளி. மற்ற பத்தொன்பதும் பழையபடி கணக்கு வைக்க உதவுகின்றன.