காலி செய்யவும் காலியிடம்

காலி செய்வதற்கே காலியிடம் கேட்கிற ஜீவன் உலகத்தில் டேட்டாபேஸ் ஒன்றுதான்.

தூத்துக்குடியில் ஒரு அண்ணாச்சிக்கு ஹார்டுவேர் மொத்த வியாபாரம். அவருடைய பில்லிங் ஓடுவது மாத வாடகைக்கு எடுத்த ஒரு குட்டி சர்வரில். டிஸ்க் மொத்தமே 25 ஜிபி. கடைப் பையன் வைத்திருக்கும் போனில் அதைவிட இடம் அதிகம். "கொஞ்சம் பெரிசா எடுத்துக்கலாமே அண்ணாச்சி" என்றால், "ஆணி வித்த கணக்குக்கு எதுக்குடே அரண்மனை?" என்பார்.

அந்த 25-ம் முழுசாகக் கைக்கு வராது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறை, வழக்கமாக நூற்றுக்கு ஐந்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளும். அது ஒண்ணேகால் ஜிபி. சிஸ்டம் ஜர்னல் தன் பங்குக்குப் பத்து சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். ஆபரேட்டிங் சிஸ்டம் போக மிச்சம் இருப்பதில்தான் போஸ்ட்கிரெஸ் என்னும் டேட்டாபேஸ் குடித்தனம் நடத்த வேண்டும்.

டிஸ்க் 95 சதவீதத்தைத் தொட்டதும் அண்ணாச்சிக்குச் சொன்னேன். மறுநாள் உற்சாகமாக போன் செய்தார். "நம்ம பய உக்காந்து ஜிஎஸ்டிக்கு முந்தின பில்லு பூராவும் அழிச்சுட்டாம்லா. இனி தாராளமா கெடக்கும்." 2017 ஜூலைக்கு முந்தைய வரலாறு ஒரே ராத்திரியில் போயிருந்தது. டிஸ்க் 99 சதவீதத்துக்கு வந்திருந்தது.

"அழிச்சா எப்பிடிடே கூடும்?"

கூடும். போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு வரியை அழித்தால் அது போய்விடாது. 'இது செத்தது' என்று குறித்து வைக்கப்படும். குறித்ததை வால் என்னும் பதிவேட்டிலும் எழுத வேண்டும். லட்சக்கணக்கில் அழித்தால் லட்சக்கணக்கில் எழுத்து. அண்ணாச்சிக்கு பஸ்ஸைக் காட்டித்தான் விளக்கினேன். ஆள் இறங்கிவிட்டார், ஜன்னல் வழியே அவர் போட்ட துண்டு சீட்டிலேயே கிடக்கிறது. வேக்யூம் என்று ஒருத்தர் வந்து துண்டை எடுப்பார். அடுத்த ஆள் உட்காரலாம். ஆனால் பஸ்ஸின் நீளம் குறையாது.

"நீளத்தையே குறைக்க வழியில்லையா?"

உண்டு, வேக்யூம் ஃபுல். அது உயிரோடிருக்கும் வரிகளை மட்டும் புதுக் கோப்பில் எழுதிவிட்டுப் பழையதைத் தூக்கிப் போடும். அந்தப் புதுக் கோப்பை எங்கே எழுதுவது? அதற்கு இடம் வேண்டும். எழுதி முடியும்வரை அந்த டேபிளை யாரும் தொடக்கூடாது, படிக்கவும் கூடாது. இதை விளக்கி முடிப்பதற்குள் டிஸ்க் நூறாகி, போஸ்ட்கிரெஸ் படுத்துவிட்டது. (மைஎஸ்கியூஎல்லின் சுபாவம் வேறு. இடம் வந்ததா என்று நிமிஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை 'டிஸ்க் நிரம்பிவிட்டது' என்று லாகில் எழுதி வைக்கும். அந்த லாகும் பெரும்பாலும் அதே டிஸ்கில்தான்.)

உள்ளே போய்ப் பார்த்தால் வால் கோப்புகள், ஒவ்வொன்றும் 16 எம்பி, மூட்டை மூட்டையாக. கை துறுதுறுக்கும் இடம் இது. அழித்தால் டேட்டாபேஸ் திரும்ப எழுந்திருக்காமலே போகலாம். முன்பு அந்த ஃபோல்டருக்கு 'பிஜி எக்ஸ்லாக்' என்று பெயர். ஏதோ வேண்டாத லாக் போலிருக்கிறது என்று ஆட்கள் அழித்து அழித்து, 2017-இல் வந்த பத்தாம் பதிப்பில் 'பிஜி வால்' என்று பெயரையே மாற்றிவிட்டார்கள்.

கோப்புகள் குவிந்த காரணமும் கிடைத்தது. எனக்கு முன்னால் பார்த்தவர் சோதனைக்கென்று ஒரு நகல் சர்வர் வைத்து, பிறகு அதை மூடிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கான ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை மட்டும் நீக்கவில்லை. நகல் என்றைக்காவது வந்து கேட்கும் என்று போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றையும் பத்திரப்படுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. இதற்கு உச்சவரம்பு வைக்கும் வசதி 2020-இல், பதிமூன்றாம் பதிப்பில் வந்தது. நாமாக வைக்காதவரை வரம்பு கிடையாது என்பதுதான் அதன் இயல்பு நிலை. வசதி செய்து கொடுத்தவர்களின் பெருந்தன்மை!

ஸ்லாட்டை நீக்க போஸ்ட்கிரெஸ் ஓட வேண்டும். ஓடுவதற்கு இடம் வேண்டும். இடம் வர ஸ்லாட்டை நீக்க வேண்டும். கடைசியில் சிஸ்டம் ஜர்னலைக் கத்தரித்ததில் இரண்டு ஜிபி தேறியது. எழுப்பினேன், ஸ்லாட்டை நீக்கினேன், அடுத்த செக்பாயிண்டில் மூட்டைகள் தானாகக் கரைந்தன. கடை அடைத்தபின் வேக்யூம் ஃபுல்லும் ஆயிற்று.

முன்னெச்சரிக்கையாக ஒரு காரியம் செய்தேன். ஒரு ஜிபி அளவுக்கு வெறும் கோப்பு ஒன்றை உருவாக்கி, 'தொடாதே' என்று பெயர் வைத்தேன். ஆபத்தென்றால் அதை அழித்து மூச்சு விட்டுக்கொள்ளலாம். இந்தத் தொழிலில் இது பழைய தந்திரம். அண்ணாச்சி கண்ணில் அது பட்டுவிட்டது.

"அதுல என்னடே இருக்கு?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

"ஒண்ணும் இல்லாததுக்கா ஒரு ஜிபி? வாடகை நாம்லா கட்டுதேன்."

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தலையை ஆட்டினார்.

"சரி, அம்புட்டு முக்கியம்னா அதுக்கு ஒரு பேக்கப் எடுத்து வச்சிரு."