தின்றாலும் கொன்றாலும் பாசி எங்கே போகும்?

கேள்வி: மீன் தொட்டியின் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். அடுத்த வாரமே பச்சை படிந்துவிடுகிறது. பாசியை அடியோடு ஒழிக்க வழி உண்டா?

பதில்: அடியோடு ஒழிக்க முடியாது, பட்டினி போடலாம். பாசி பிழைக்க வெளிச்சமும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வேண்டும். இவற்றில் பெரும்பகுதியைக் கொடுப்பது நம் கைதான். கடையில் வாங்கும் மீன் உணவில் சுமார் 40 சதவீதம் புரதம், அந்தப் புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். தினம் 1 கிராம் உணவு போட்டால் 64 மில்லிகிராம் நைட்ரஜன் உள்ளே போகிறது. மீனின் உடம்பில் சேர்வது போக மூன்றில் இரண்டு பங்கு கழிவாகிறது என்று வையுங்கள். ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்தக் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கணக்குப் போட்டால், 100 லிட்டர் தொட்டியில் ஒரே வாரத்தில் லிட்டருக்கு 13 மில்லிகிராம் நைட்ரேட் கூடிவிடும். ஏரியில் சேர்வதை வெள்ளம் அடித்துப் போகும், நாரை கொத்திப் போகும். கண்ணாடித் தொட்டிக்கு அப்படி ஒரு வடிகால் கிடையாது. நீங்களாக வெளியே எடுக்காத எதுவும், உருவம் மாறினாலும், அநேகமாக உள்ளேயேதான் இருக்கும். தேய்ப்பதில் தவறில்லை. தேய்த்த பாசியைத் தண்ணீரில் மிதக்க விட்டால் அது அங்கேயே அழுகி அடுத்த பாசிக்கு உரமாகிறது. தேய்த்த கையோடு டியூப் வைத்து உறிஞ்சி வெளியே ஊற்றுங்கள்.

கேள்வி: சக்கர் மீன் ஒன்று வாங்கி விட்டால் போதும், எல்லாவற்றையும் நக்கித் தின்றுவிடும் என்கிறாரே கடைக்காரர்?

பதில்: தின்னும். தின்றது எங்கே போகும்? கழிவாகத் திரும்பவும் தொட்டிக்குள்தான். ஆனாலும் கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது எச்சமாகி அடியில் படிவதால் உறிஞ்சி எடுப்பது சுலபமாகிறது. அந்த வேலைக்குச் சிறிய நத்தைகளே போதும். சக்கர் மீன் 30 சென்டிமீட்டரையும் தாண்டி வளரும். வளர வளரப் பாசியை விட்டு, நீங்கள் மற்ற மீன்களுக்குப் போடும் தீனிக்கு வாய் வைக்கும், அதற்கேற்பக் கழிவையும் கூட்டும். அப்போது தொட்டி போதவில்லையே என்று ஏரியில் கொண்டுபோய் விடுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நீர்நிலைகளில் ஏற்கெனவே வேரூன்றி, உள்ளூர் மீன்களோடு இரைக்கும் இடத்துக்கும் போட்டியிடுகிறது. நம் வீட்டுக் கண்ணாடி சுத்தமாவதற்கு ஓர் ஏரி விலை கொடுக்கக் கூடாது.

கேள்வி: அப்படியானால் மருந்து ஊற்றிக் கொன்றுவிடலாமா?

பதில்: செத்த பாசியும் பாசிக்கு உணவுதான். ஒரே நாளில் மொத்தப் பாசியும் செத்தால் அது அழுகும்போது தண்ணீரின் ஆக்ஸிஜன் குறைந்து, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். தாமிரம் கலந்த மருந்து என்றால் இறாலும் நத்தையும் முதலில் போகும். இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிராக நிற்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வழுவழுப்பாக, நாற்றத்தோடு போர்வைபோலப் படரும் நீலப்பச்சைப் பாசி உண்மையில் பாசியே அல்ல, பாக்டீரியா வகை. அதில் சில இனங்கள் காற்றின் நைட்ரஜனையே பிடித்து உண்ணும். நைட்ரேட்டைக் குறைத்தால் அவை பட்டினி கிடக்காது. எரித்ரோமைசின் என்ற மருந்து அதைக் கொல்லும் என்பதும் உண்மை. ஆனால் ஃபில்டரில் உங்களுக்காக உழைப்பதும் பாக்டீரியாதான், மருந்து அதையும் தாக்கக்கூடும். அந்தப் போர்வையைக் கையாலேயே உரித்தெடுத்து, மிச்சத்தை உறிஞ்சி, தொட்டியை 3 நாள் கெட்டித் துணியால் மூடி, நீரோட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் மருந்தை யோசிக்கலாம்.

கேள்வி: செடித் தொட்டி வைத்திருப்பவர்கள் பாஸ்பேட் உரத்தை வாங்கியே ஊற்றுகிறார்கள். அங்கே பாசி மண்டுவதில்லையே! உங்கள் பட்டினி வைத்தியம் பொய்தானே?

பதில்: இதுதான் கனமான ஆட்சேபம். 1973-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 226 என்ற எண் கொண்ட ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரு பாதிக்கும் கார்பனும் நைட்ரஜனும் கொடுத்தார்கள், ஒன்றுக்கு மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பாதி மட்டும் பச்சையாகிப் போனது. 1996-இல் பால் சியர்ஸ், கெவின் கான்லின் இருவரும் மீன் தொட்டிக்கும் இதே தர்க்கத்தைப் பொருத்தி, பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தச் சொன்னார்கள். பின்னால் வந்த செடி வளர்ப்பாளர்கள் பாஸ்பேட்டைத் தாராளமாக ஊற்றியும் தெளிந்த தொட்டிகளை வைத்துக்காட்டினார்கள். முரண்பாடு போலத் தெரிந்தாலும், அங்கே நடக்கும் வேலையைக் கவனியுங்கள். அடர்ந்து வளரும் செடிகள் சத்தை உடனுக்குடன் இழுத்துக்கொள்கின்றன, வளர்ப்பவர் வாராவாரம் கத்தரித்து வாளியில் போடுகிறார். கூடவே பாதித் தண்ணீரையும் மாற்றுகிறார். கனடா ஏரியில் கத்தரிக்கோலோடு யாரும் நிற்கவில்லை. நான்கு மீனும் ஒரு பிளாஸ்டிக் செடியும் உள்ள தொட்டியில் அந்த உரத்தை ஊற்றினால் தின்பது பாசி மட்டும்தான். நம் வீடுகளில் மணி பிளான்ட் கொடியின் வேரைத் தொட்டியில் இறக்கிவிடுகிறார்களே, அது அருமையான வழக்கம். இலை காற்றில் இருப்பதால் கார்பன் டை ஆக்ஸைடுக்குத் தட்டுப்பாடில்லை, வேர் நைட்ரேட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். கொடியை வெட்டினால் நைட்ரஜனும் வெளியே வந்துவிடுகிறது.

கேள்வி: விளக்கு எத்தனை மணி நேரம்?

பதில்: 6 முதல் 8 மணி நேரம். டைமர் போடுங்கள், ஜன்னல் வெயில் படாத இடத்தில் தொட்டியை வையுங்கள்.

கேள்வி: வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறேன். போதாதா? எங்கள் போர்வெல் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கிறதாம்.

பதில்: வாரம் லிட்டருக்கு 13 மில்லிகிராம் சேரும் செடியில்லாத் தொட்டியில், நைட்ரேட்டே இல்லாத தண்ணீரைக் கொண்டு கால் பங்கு மாற்றினாலும் அளவு ஏறி ஏறி லிட்டருக்கு 52-இல்தான் போய் நிற்கும். பாதித் தண்ணீர் மாற்றினால் 26. உணவைப் பாதியாக்கிவிட்டுக் கால் பங்கு மட்டும் மாற்றினாலும் அதே 26. வாளி சுமப்பதைவிட இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே தீனி போடுவது எளிது. போர்வெல் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. இந்தியத் தர விதிப்படி குடிநீரிலேயே நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இருக்கலாம். டெஸ்ட் கிட் வாங்கி முதலில் குழாய் நீரைச் சோதியுங்கள். அதிலேயே அளவு மிகுந்திருந்தால் மாற்றும் தண்ணீரில் ஒரு பகுதிக்கு ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து, மணி பிளான்ட்டில் இன்னும் இரண்டு கொடி சேர்த்துவிடுங்கள்.